புழுங்கலரிசியும் குடிநீரும்: நெகிரி செம்பிலான் தோட்ட வாழ்வில் கல்லடைப்புத் தடுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாயாத் தோட்டத் தமிழரின் உடல்நல வரலாறு பெரும்பாலும் சாவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு, இரத்தச்சோகை ஆகியவை தொழிலாளரைப் பெருந்தொகையில் மாய்த்தன. வேலைக்கு வரும் ஆள்தொகையையும் குறைத்தன. ஆகவே குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகளில் அவை முதன்மை இடம் பெற்றன. ஆளைக் கொல்லாமல் வாட்டும் நோய்களுக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. கல்லடைப்பு எனத் தமிழ் மருத்துவம் வழங்கும் சிறுநீரகக் கல் நோய் அவற்றுள் ஒன்றாகும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான் நகரை ஒட்டியுள்ள ரஹாங்கையும் அதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்களையும் களமாகக் கொண்டு, உணவுக்கும் குடிநீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. உணவுப் பழக்கம் நோயைத் தடுக்கும் என்னும் உண்மையை மலாயா மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் சிரம்பானும் ஒன்று. ஆயினும் அரிசியின்பால் காட்டப்பட்ட அக்கறை, உழைப்பவர் அருந்தும் நீரின் அளவின்பால் காட்டப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, கல்லடைப்பைத் தடுப்பது தனிமனிதரின் ஒழுக்கத்தை மட்டுமன்றி, வேலையும் வசிப்பிடமும் அமைந்திருக்கும் முறையையும் பொறுத்தது என்பது புலனாகும். இதுவே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்தாகும்.

ரஹாங்கும் அதன் சுற்றுப்புறமும்

இன்றைய சிரம்பான் வட்டாரம் முன்னர்ச் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. ஈயச் சுரங்கங்களால் செழித்த அந்நிலப்பகுதியில் 1874ஆம் ஆண்டில் நிகழ்ந்த பூசலின்போது ரஹாங், டத்தோ பண்டாரின் இருப்பிடமாக விளங்கியது. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் அப்பாதையின் இருமருங்கிலும் பரவின. லின்சம், சிலியாவ், லாபு, சுவா பெத்தோங் முதலிய தோட்டப் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழரின் குடும்ப வரலாறுகளில் இன்றும் வழங்கி வருகின்றன.

இத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொணர்ந்ததில் கங்காணி முறைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிப்பெயர்வைத் தடை செய்தது. அதற்குள் லயங்களில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் தோன்றிவிட்டன. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீட்டுமனைகளாக உருமாறியும் போயின. தோட்டத்து மக்களுள் பலர் நகர்ப்புறங்களில் குடியேறினர். இன்று சிரம்பான் நகரத்தின் ஒரு பகுதியாகவும் மாநிலச் சட்டமன்றத் தொகுதியாகவும் இருக்கும் ரஹாங், நகரமும் தோட்டமும் ஒன்றையொன்று தொட்டு நின்ற காலத்தை நினைவூட்டும் இடமாகும்.

சிரம்பான் மருத்துவரும் புழுங்கலரிசியும்

கல்லடைப்பைப் பற்றிப் பேசுமுன் பெரிபெரி நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. இரு நோய்களும் வேறுவேறானவை. ஒன்றன் காரணம் மற்றதன் காரணமன்று. ஆயினும் இவ்வட்டாரத்தில் உணவு ஒரு மருத்துவ வினாவாக எழுந்தது பெரிபெரியின் வழியாகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி பேரழிவை விளைத்தது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் லெனார்ட் பிராடன், இந்நோய் இனத்துக்கு இனம் வேறுபடுவதைக் கூர்ந்து நோக்கினார். தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருந்தது. வீட்டில் குற்றிய அரிசியை உண்ட மலாய்க் குடியானவரிடையேயும், புழுங்கலரிசியை உண்ட தமிழரிடையேயும் அது அரிதாக இருந்தது. மூவரும் ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்தவர்கள். வேறுபாடு சோற்றில் இருந்தது. இக்கருத்தைப் பிராடன் 1907ஆம் ஆண்டில் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிய பெருநூலாக வெளியிட்டார்.

வெள்ளையரிசியில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது என்பது பிராடனின் விளக்கம். அவ்விளக்கம் தவறானது. எனினும் அரிசியே காரணம் என்று அவர் சுட்டியது சரியானது. 1905–06இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளையரிசியும் மற்றப் பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தார். அதன்பின் ஹென்றி பிரேசர், ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டேன்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் பகுதியில் சாலை அமைத்துவந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இச்சோதனையைத் தொடர்ந்தனர். வெள்ளையரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது. 1909இல் வெளிவந்த அவர்களது அறிக்கை, தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டுப் பகுதியிலேயே காக்கும் சத்து உள்ளது என்ற முடிவுக்கு வழி வகுத்தது. அச்சத்து 1926இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நாம் வைட்டமின் பி1 என்பது அதுவேயாகும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. அதனால் பின்னர்த் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை.

இந்நிகழ்விலிருந்து இரண்டு செய்திகளை நாம் பெறுகிறோம். முதலாவது, ஏழைத் தொழிலாளரின் அடுப்படி வழக்கம் ஒன்று, அன்றைய மருத்துவக் கல்வி அறியாத பாதுகாப்பைத் தன்னுள் கொண்டிருந்தது. இரண்டாவது, அப்பாதுகாப்பு மற்றையோருக்கும் கிட்டியது அறிவுரையால் மட்டுமன்று. மருத்துவமனை, சிறைச்சாலை, வேலைத்தளம் ஆகியவற்றில் வழங்கப்படும் அரிசி மாற்றப்பட்டதனாலும் ஆகும். நோய்த் தடுப்பு என்பது, பங்கீட்டைத் தீர்மானிப்பவரின் பொறுப்பும் ஆயிற்று.

எந்த நீர், எவ்வளவு நீர்?

அரிசியைப் போலவே நீரும் தோட்ட மருத்துவத்தின் கவனத்தைப் பெற்றது. 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் மேற்கொண்ட மலேரியா ஒழிப்புப் பணி, நீர் தேங்கும் இடங்களை வடித்து கொசுவின் பிறப்பிடத்தை அழிப்பதை அடிப்படையாகக் கொண்டது. அவரது அனுபவங்கள் 1911இல் நூலாயின. மலாயாத் தோட்டங்களெங்கும் வடிகால்கள் வெட்டப்பட்டன. கொக்கிப்புழுவைத் தடுக்கக் கழிப்பிடங்கள் வற்புறுத்தப்பட்டன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வசிப்பிடம், தூய்மையான நீர், மருத்துவ வசதி ஆகியவற்றை அளிக்கும் கடமையை முதலாளியின்மேல் சுமத்தியது.

இவையனைத்தும் உயிர்காத்த பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றில் நீர் எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை நாம் நோக்க வேண்டும். கொசு முட்டையிடும் நீர், கிருமி கலந்த நீர் என்ற இரு நிலைகளில் நீர் ஓர் ஆபத்தாக அறியப்பட்டது. ஓர் ஆள் வெயிலில் உழைக்கும்போது எவ்வளவு நீர் அருந்த வேண்டும், அது அவருக்கு எங்கே கிடைக்கும், அருந்திய பின் எங்கே ஒதுங்குவார் என்ற வினாக்கள் அந்த அளவுக்கு முன்வைக்கப்படவில்லை. சட்டம் கூறிய நீர் லயத்து நீர். பால்மரத்தடியில் தேவைப்பட்ட நீர், தொழிலாளர் தாமே தூக்கிச் சென்ற நீராகவே இருந்தது.

பிற்காலச் சட்டங்களும் இப்போக்கிலேயே அமைந்தன. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தையடுத்து, 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குமாறு விதித்தது. கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்த மக்களுக்கு இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் இதுவும் வீட்டுக்குரிய நீரே ஆகும்.

வேலையும் தாகமும்

பால்வெட்டுத் தொழிலின் ஒருநாள் ஒழுங்கைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அனைவரும் அறிவர். விடியுமுன் பெரட்டு, பின்னர் வெட்டுக்காடு, மரத்துக்கு மரம் விரைந்து செல்லும் நடை, நடுவே சிறுபொழுது பசியாறல், அதன்பின் மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, வாளிகளைச் சுமந்து கொட்டகைக்குச் செல்லும் சுமைப்பணி. இந்தச் சுமைப்பணி வெயில் ஏறிய வேளையில் நிகழ்வது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிர்ச்சி பெறாமலே நீரை இழந்துகொண்டிருக்கும்.

விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. அவ்வேளையில் மரத்தின் பால்குழாய்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் வழியே நீர் ஆவியாகத் தொடங்கினால், அழுத்தம் தாழ்ந்து பால் ஒழுகுவது குறையும். எனவே மரம் நீர் குன்றுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பது தோட்ட நிருவாகத்தின் கணக்கு. மரத்தின் நீர்நிலையை அறிந்து வேலைநேரத்தை வகுத்த அதே தோட்டத்தில், வெட்டுபவரின் நீர்நிலை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பெண் தொழிலாளரின் நிலை மேலும் கடினமானது. கழிப்பிடங்கள் லயத்தருகே கட்டப்பட்டன; காட்டுக்குள் கட்டப்படவில்லை. ஒதுங்க இடமில்லாத வேலைத்தளத்தில் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர் என்பதை, தமிழ்நாட்டில் வித்யா வேணுகோபால் முதலானோர் இக்காலத்தில் நடத்திய ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. வெப்பம், குறைந்த நீர், அடக்கிவைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேரும்போது சிறுநீர்த் தொற்றும் கல்லும் தோன்ற வாய்ப்பு மிகுகிறது.

வெப்பத்துக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு ஊகமன்று. பிரேசில் நாட்டு எஃகு ஆலை ஒன்றில் 10,326 தொழிலாளரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, மிகுவெப்பப் பகுதியில் பணிபுரிந்தோரில் 8 விழுக்காட்டினரிடம் கல் நோய் காணப்பட்டது. சாதாரண வெப்பநிலையில் பணிபுரிந்தோரில் அது 0.9 விழுக்காடே. தென்னிந்திய எஃகுத் தொழிலாளரிடையே நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வும் இத்தொடர்பையே காட்டுகிறது. ரப்பர்க்காடு எஃகு உலையன்று. மரநிழல் அங்கு உண்டு. ஆயினும் வியர்வையாக நீர் வெளியேறி, ஈடுசெய்யப்படாதபோது சிறுநீர் செறிவடையும் என்னும் உடலியல் விதி இரண்டிடத்தும் ஒன்றேயாகும்.

கல்லின் இரு வரலாறுகள்

கல் நோய்க்கு ஒரே வரலாறு இல்லை, இரண்டு உண்டு. முதலாவது, ஏழைக் குழந்தைகளின் சிறுநீர்ப்பையில் தோன்றிய கல்லின் வரலாறு. பால், பருப்பு, இறைச்சி முதலியன அரிதாகி, தானியமே உணவாகிய சமூகங்களில் இது பரவலாகக் காணப்பட்டது. பழைய ஐரோப்பாவிலும், வடமேற்கு இந்தியாவிலும், தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலும் இது மிகுந்திருந்தது. தாய்லாந்தின் உபோன் மாநிலத்தில் 1960களில் நடந்த ஆய்வுகள், பச்சிளங்குழந்தைகளுக்கு மிக இளமையிலேயே சோறூட்டும் வழக்கத்தையும் பாஸ்பரஸ் குறைந்த உணவையும் இந்நோயுடன் தொடர்புபடுத்தின.

இத்துறையில் தமிழகத்திற்கும் ஓர் இடமுண்டு. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இராபர்ட் மெக்காரிசன், 1920களின் பிற்பகுதியில் எலிகளுக்குக் குறையுள்ள தானிய உணவை அளித்துச் சிறுநீர்ப்பைக் கல்லை உண்டாக்கிக் காட்டினார். அவ்வுணவுடன் பாலைச் சேர்த்தபோது கல் தோன்றுவது தடைப்பட்டது. இந்தியாவில் கல் நோய் தோன்றும் காரணம் பற்றிய அவரது சொற்பொழிவு 1931இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு அவர் அளித்த முதன்மையைப் பிற்கால ஆய்வாளர் அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் கல் என்பது விதியன்று, உணவில் வேர்கொண்டது என அவர் நிறுவியது நிலைபெற்றது. குன்னூரில் தொடங்கிய அவ்வாய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இரண்டாவது, வளர்ந்தோரின் சிறுநீரகத்தில் தோன்றும் கல்லின் வரலாறு. உணவு மேம்பட்ட சமூகங்களில் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் மறைய, அதற்கு மாறாக இது பெருகியது. கால்சியம் ஆக்சலேட்டும் யூரிக் அமிலமும் இக்கற்களின் முக்கிய மூலப்பொருள்கள். உப்பும் இறைச்சியும் சர்க்கரையும் மிகுந்த உணவு, உடற்பருமன், நீரிழிவு ஆகியன இதனுடன் தொடர்புடையன. மலேசியாவில் சிறுநீரியல் மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஜி. சீனிவாசன், இந்நாட்டில் கல் நோயின் பரவலையும் சிகிச்சையையும் தொகுத்து 1990இல் மலேசிய மருத்துவ ஏட்டில் விரிவாக எழுதினார். கல் நோய் இந்நாட்டு அறுவை மருத்துவர்க்கு நீங்காத சுமையாக இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். 1980இல் ஜெர்மனியில் தொடங்கிய அதிர்வலைச் சிகிச்சை பரவிய பின்னர்ப் பெரும்பாலான கற்களுக்குக் கத்தி தேவையற்றுப் போயிற்று. ஆனால் கல்லை உடைப்பது வேறு. அது மீண்டும் தோன்றாமல் தடுப்பது வேறு.

தோட்டத் தமிழர் இவ்விரு வரலாறுகளுக்கும் இடையில் நிற்பவர்கள். பழைய வறுமையின் உழைப்பும் தாகமும் ஒருபுறம், நகர வாழ்வின் உப்பும் இனிப்பும் மறுபுறம். 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியருள் வயதுவந்தோரில் 31.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். நாட்டின் ஒட்டுமொத்த அளவு 18.3 விழுக்காடு. நீரிழிவு சிறுநீரை அமிலத்தன்மை உடையதாக்கி யூரிக் அமிலக் கல்லுக்கு வழிவிடும். எனவே கல் நோயைத் தனித்த ஒன்றாகக் காண்பது இயலாது.

வழிவழி அறிவும் அதன் எல்லையும்

சித்த மருத்துவம் கல்லடைப்பை நெடுங்காலமாக அறிந்தது. சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு, கொள்ளு ஆகியன அதற்குரியனவாகப் பேசப்படுவன. பொங்கல் காப்புக்கட்டில் நாம் செருகும் பூளைப்பூ இச்சிறுபீளையே. மலாயாவுக்கு வந்த தமிழர், மலாய்க்காரர் கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும் பயன்படுத்திய மிசாய் குச்சிங் என்னும் பூனைமீசைச் செடியையும் தமதாக்கிக் கொண்டனர். ஐரோப்பாவில் ஜாவாத் தேயிலை என விற்பனையானதும் இச்செடியே.

இவற்றின் ஆற்றலை நவீனச் சோதனைகள் உறுதியாக நிறுவிவிடவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். இம்மருந்துகளுள் பெரும்பாலானவை குடிநீராக, கஷாயமாக, சாறாகவே கொடுக்கப்பட்டன. மூலிகை எதுவாயினும் நோயாளியின் உள்ளே சென்றது மிகுதியான நீர். அவ்வாறே தூக்குச்சட்டியில் காட்டுக்குச் சென்ற கஞ்சியும் நீராகாரமும் மோரும், உணவு என்ற பெயரில் சென்ற நீரே ஆகும். புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுத்தது. அச்சோற்றின் நீராகாரம் தாகத்தைத் தணித்தது. அதன் இடத்தில் வரக்கோப்பியும், கெட்டிப்பால் கலந்த தேநீரும், பின்னர்ப் புட்டியிலடைத்த இனிப்பு நீர்களும் வந்தமர்ந்தபோது, சமூகம் தன்னையறியாமலே ஒரு தடுப்பை இழந்தது எனலாம்.

எல்லா வழிவழி உணவும் நன்மை பயப்பதில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். இவ்வட்டாரத்தில் உண்ணப்படும் ஜெரிங் கொட்டையிலுள்ள ஓர் அமிலம், சிறுநீரில் ஊசிப்படிகங்களாகி அடைப்பையும் கடும்வலியையும் உண்டாக்க வல்லது. 1933இல் டச்சு ஆய்வாளர்கள் அதனைப் பிரித்தறிந்தனர். புளிப்பு மிக்க பிலிம்பிக்காயின் சாற்றை மருந்தென எண்ணிப் பெருமளவு அருந்தியோர் சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. அதிலுள்ள ஆக்சலேட்டே அதற்குக் காரணம்.

உணவும் நீரும்: இன்று தெளிந்தவை

கல் தோன்றும் முறை எளிதில் விளங்கக்கூடியது. உப்புநீரைச் சுண்டக் காய்ச்சினால் உப்பு அடியில் படிவதுபோல், சிறுநீர் செறிந்தால் அதில் கரைந்துள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் யூரிக் அமிலமும் படிகங்களாகின்றன. எனவே முதல் தடுப்பு நீர்த்தலே. இத்தாலியில் 199 நோயாளரை ஐந்தாண்டுகள் கண்காணித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்தியோரில் 12 விழுக்காட்டினருக்கே கல் மீண்டும் தோன்றியது. மற்றவரில் அது 27 விழுக்காடு. நம் தட்பவெப்பத்தில் உழைப்பவருக்கு இந்த அளவு சிறுநீர் வெளியேற 3 லிட்டரும் அதற்கு மேலும் அருந்த வேண்டியிருக்கும். அளந்து பார்க்க இயலாதவர் சிறுநீரின் நிறத்தை நோக்கலாம். வெளிறிய வைக்கோல் நிறம் போதுமானது, அடர்மஞ்சள் எச்சரிக்கை. ஒரே வேளையில் குடிப்பதினும் பகல் முழுதும் பகுத்து அருந்துவதும், உறங்குமுன் ஒரு குவளை அருந்துவதும் நன்று.

அடுத்தது கால்சியம் பற்றிய தவறான எண்ணம். கல்லில் கால்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. உணவிலுள்ள கால்சியம் குடலில் ஆக்சலேட்டைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றுகிறது. 2002இல் வெளிவந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு ஐந்தாண்டில் கல் மீண்டும் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது. ஆகவே முளைக்கீரை, பசலை முதலியவற்றை அறவே விலக்குவதினும், அளவாகத் தயிருடன் சேர்த்து உண்பது தக்கதாகும்.

மூன்றாவது உப்பு. உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்சியமும் மிகும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பைப் பரிந்துரைக்கிறது. 2017–18இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி மலேசியர் சராசரியாக 7.9 கிராம் உட்கொள்கின்றனர். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும், மலிவு கருதித் தோட்டத்து அடுப்படியில் நிலைபெற்றவை. இன்று அவற்றுடன் உடனடி மீயும் சேர்ந்துள்ளது. நான்காவது, எலுமிச்சையும் பிற காய்கனிகளும் தரும் சிட்ரேட் படிகம் வளர்வதைத் தடுக்கும். சர்க்கரையும் உப்பும் சேராத எலுமிச்சை நீர் நம் வீடுகளுக்குப் புதியதன்று.

இவ்வறிவுரைகளுக்கு வரம்பும் உண்டு. இதயத் தளர்ச்சியோ முற்றிய சிறுநீரக நோயோ உடையவர் மருத்துவர் கூறும் அளவைக் கடந்து நீர் அருந்தலாகாது. விலாவலியுடன் காய்ச்சலும் நடுக்கமும் தோன்றினாலோ, சிறுநீர் முற்றும் தடைப்பட்டாலோ, கைமருந்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக்கு முன் சிரம்பானில் எழுந்த வினா, ஓர் இனம் நோயுற மற்றோர் இனம் ஏன் தப்பியது என்பது. அதற்கான விடை தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப்பானையில் கிடைத்தது. அவ்விடை பங்கீட்டு முறையாக மாறியபோது உயிர்கள் காக்கப்பட்டன. அதே தொழிலாளரின் தண்ணீர்ப் பாத்திரத்தை எவரும் அவ்வாறு ஆராயவில்லை.

இன்று நீர் அருந்துக என்னும் அறிவுரை எங்கும் கேட்கிறது. அதனைக் கேட்டு நடப்பதற்கு அருகில் நீரும், அருந்த இடைவேளையும், ஒதுங்க இடமும் வேண்டும். நடு அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் இளந்தொழிலாளர் சிறுநீரக நோயால் மாண்ட பின்னரே, நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் வேலையின் பகுதியாக்கும் முயற்சி அங்குத் தொடங்கியது. மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் வெப்பத் தகைவு பற்றிய வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. நம் முன்னோர் நின்ற காடுகளில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். அவர்களது தாகம் நமக்கு அயலானதன்று.

ரஹாங்கின் அடுக்ககங்களில் வாழும் தோட்ட வழித்தோன்றல்களுக்குக் குழாயில் நீர் உண்டு. நீராகாரத்தின் நினைவும் உண்டு. அந்நினைவை மீட்டெடுப்பது வீட்டின் கடமை. வேலைத்தளத்தில் நீரை உறுதிசெய்வது சட்டத்தின் கடமை. இவ்விரண்டும் ஒன்றுபடும்போதே கல்லடைப்பு தடுக்கத்தக்க நோய் என்னும் கூற்று மெய்யாகும்.